மின்கோவின் துடுப்பு

மின்கோ தம் அறுபத்து நான்கு வயதுக்குள் ஒரு மிளகாய்ச் செடியைக்கூட நட்டதில்லை. களை பிடுங்கியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் நாளில் மண்வெட்டியோடு போய் மடை திறந்துவிட்டதில்லை. இருந்தும் எங்கள் ஊரான வெர்பிலோவோவில் மிளகாயைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாத் தலைகளும் அவர் பக்கம்தான் திரும்பும். லுத்தெனித்சா என்றால் கேட்கவே வேண்டாம். சுட்ட இனிப்பு மிளகாயையும் கத்தரிக்காயையும் அரைத்து, தக்காளிச் சாற்றோடு கொப்பரையில் கிண்டி இறக்கும் அந்தச் சிவப்பு விழுது இல்லாமல் எங்கள் பக்கத்தில் குளிர்காலம் நகராது. காலை ரொட்டிக்கு அதுதான். சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளவும் அதுதான். சமைக்க அலுப்பாக இருக்கும் ராத்திரிகளுக்கும் அதுதான். அதில் மின்கோ வீட்டு ஜாடிக்கு ஈடு கிடையாது என்பதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

முப்பத்தோரு வருஷம் அவர் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். வீடு வீடாகப் போய், சுவரில் இருக்கும் பெட்டியை எட்டிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வருவது. அந்த வேலை அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று, ஊரில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்ற அறிவு. மற்றது, ஒரு பொருளை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டால் அது தமக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை. கடைசிப் பத்து வருஷம் பெட்டியைப் பார்க்காமலேயே எண் எழுதினார் என்றும் சொல்வார்கள். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு மிளகாய்க்கும் வந்தது.

தோட்டம் அவருடைய மனைவி தபினாவுடையது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை வரைக்கும் நீளும் அரைக் காணி. மார்ச் மாதம் ஜன்னல் ஓரத்தில் தட்டுகளில் விதை போடுவதிலிருந்து, நவம்பரில் காய்ந்த தண்டுகளைப் பிடுங்கிக் கொளுத்துவது வரை எல்லாம் அவள்தான். ஊரில் பதப்படுத்தும் ஆலை இருந்த காலத்தில் பத்தொன்பது வருஷம் அங்கே மிளகாய் வரிசையில் நின்றவள். ஆலை மூடிய பிறகு தலையில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டு, வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினாள். பேச்சு குறைவு. பேசினாலும் பாதிப் பேச்சு செடியோடுதான்.

லுத்தெனித்சாவுக்கு மூன்று நாள் வேலை உண்டு. முதல் நாள் தக்காளியைத் தனியாகக் கொதிக்கவைத்துச் சுண்டவைப்பாள். இரண்டாம் நாள் விடியும்போதே தகரத் தகட்டின் கீழ் தீ மூட்டி மிளகாயையும் கத்தரிக்காயையும் சுட்டு, மூடி போட்ட பானையில் போட்டு வியர்க்கவிடுவாள். ஆறிய பிறகு ஒவ்வொன்றாகக் கையால் தோலுரிப்பாள். தண்ணீர் தொடக் கூடாது. விரல் வழுக்கினால் துணியில் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். உரித்ததைத் துணிப் பைகளில் கட்டித் திராட்சைப் பந்தலில் தொங்கவிடுவாள். ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டி முடியும். மூன்றாம் நாள் காலையில் அரவை. மத்தியானம் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவாள்.

மின்கோ மூன்றாம் நாள் மூன்று மணிக்கு வருவார். முகம் மழித்து, தலைசீவி, தபினா இஸ்திரி போட்ட வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வருவார். தபினாவின் கையிலிருந்து கொப்பரை கிண்டும் மரத் துடுப்பை வாங்குவார். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜாடி மூடிகளைக் கொதிநீரில் போட உள்ளே போவாள். சரியாக அந்த நேரம் பார்த்து அக்கம்பக்கம் ரொட்டியோடு வரும். அது எங்கள் ஊர் வழக்கம். கொப்பரை இறங்கும் வீட்டுக்கு வெறும் ரொட்டியோடு போய், முதல் சூட்டில் தடவித் தின்ன வேண்டும். மின்கோ அரைமணி நேரம் கிண்டிவிட்டு, துடுப்பால் கொப்பரையின் அடியை ஒரு இழுப்பு இழுப்பார். துடுப்பு போன இடத்தில் அடிச்செம்பு பளிச்சென்று தெரிந்து, இரண்டு பக்கமும் விழுது சுவர்போல் நிற்கும். அதற்குப் 'பாதை விழுந்தது' என்று பெயர். பாதை விழுந்தால் பதம்.

"விழுந்துருச்சு பாதை!" என்று கூவுவார், தாமே ஊருக்கு ரோடு போட்டதுபோல.

எல்லாரும் கைதட்டுவோம். ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "மின்கோ அண்ணே, உங்க கைப்பக்குவமே தனி" என்போம். உள்ளே மூடி கொதிக்கும் சத்தம் கேட்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வட்டாரத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு காமெராக்காரரும் வந்தார்கள். பதினோரு நிமிஷப் படம். அதில் மின்கோ பத்து நிமிஷமும் கொஞ்சமும் பேசுகிறார். சுடுவது பற்றி, உரிப்பது பற்றி, அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடக்கிற எல்லாம் பற்றியும். "மிளகாயைச் சுட்டதும் மூணு தண்ணியில கழுவணும், தோல் தானா கழண்டு வரும்" என்கிறார். "சாற வடியவிடறது முட்டாள்தனம், மிளகாயோட உயிரே சாறுலதான் இருக்கு" என்கிறார். "கடையில விக்கிற ஜாடியில என்ன இருக்கு தெரியுமாம்மா? மாவு. ரவை. பசை காய்ச்சுறான் பசை!" என்று சொல்லித் தரையில் துப்புவதுபோல் ஒரு பாவனை. தபினா அந்தப் படத்தில் ஒரு விநாடி வருகிறாள். அவள் முழுசாகவும் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் சிவந்த ஒரு கை, வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது.

அந்தப் படத்தை நம்பிக் கெட்டவன் லால்யோ. எதிர் வீட்டு டிராக்டர் ஓட்டுநர். அடுத்த வருஷமே படத்தைப் போனில் போட்டுச் செங்கல்லில் சாய்த்து வைத்துக்கொண்டு, மூன்று தண்ணீரில் கழுவி, சாறை வடியவிடாமல் கிண்டினான். காலையில் ஆரம்பித்தவன் இருட்டும் வரை கிண்டினான். வந்தது சூப்புதான். அவன் மனைவி அதை ஒரு மாதம் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பாவம், அவன் தன் கையைத்தான் குறை சொன்னான்.

"அண்ணே ஏதோ ஒண்ண மறைக்கிறாரு. ரகசியம் இல்லாம அந்த ருசி வராது" என்றான்.

மின்கோ அதை மறுக்கவில்லை. புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினார்.

தபினா ஏன் வாய் திறக்கவில்லை என்று எங்களுக்கெல்லாம் ஒரு கேள்வி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வெலிகா ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். வெலிகா கணவரைப் பறிகொடுத்தவள். நாக்கில் அரம் வைத்திருப்பவள்.

"ஏன்டி, வேலை பூரா உன்னது, பேரு பூரா அவனுக்கா? உனக்கு எரியலையா?"

"அவன் வெளிய நின்னு பேசுற நேரம் வரைக்கும் அடுப்படிக்குள்ள வரமாட்டான்ல. அது போதும்" என்றாள் தபினா.

"அந்த லால்யோகிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"என்னை யாருடி கேட்டா?"

அதுவும் சரிதான். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், மிளகாய் சிவந்து வரும் நேரம், ஸ்பெயினில் இருக்கும் அவர்கள் மகளுக்குப் பிரசவம். தபினா பெட்டி கட்டினாள். போகும்போது வேலியோரம் நின்று ஏற்பாட்டைச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இந்த வருஷம் கொப்பரை ஏத்த வேணாம். வெலிகா, நீ பறிச்சு எடுத்துக்க. மின்கோ, நீ தண்ணி மட்டும் பாய்ச்சு. பழைய ஜாடி பதினாலு இருக்கு, உனக்குப் போதும்."

மின்கோ தலையாட்டினார். தலையாட்டியபடியே இருந்தும்விட்டிருப்பார். ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் வாசகசாலைச் செயலாளர் எல்க்கா வந்து நின்றாள். வாசகசாலைக்கு இது நூறாவது வருஷம். நடுக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய மரத் துடுப்பைத் தொங்கவிட்டு, ஊரின் லுத்தெனித்சா வித்தகர் பெயரை அதில் சூட்டுக்கோலால் பொறிக்கப் போகிறார்கள். ஒருதடவை பொறித்தால் பொறித்ததுதான். சிலுவைத் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை ஊரே அவர் முற்றத்தில் கூடி, கொப்பரையிலிருந்து தின்று பார்த்து, துடுப்பைக் கையில் கொடுக்கும்.

"தபினா அக்கா இல்லையே, உங்களால முடியுமாண்ணே? இல்லாட்டி அடுத்த வருஷம் பாக்கலாம். ஆனா அதுக்குள்ள கீழ்த்தெருக்காரங்க அவங்க ஆள் பேரைக் கொண்டுவந்துருவாங்க" என்றாள் எல்க்கா.

"தபினாவா?" என்று மின்கோ சிரித்தார். "அவ இருந்தா கூடமாட ஒரு கை உதவி, அவ்வளவுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு ரொட்டியோட வாங்க."

எல்க்கா போன பிறகு அவர் தோட்டத்துக்குள் போய் மிளகாய் வரிசைகளுக்கு நடுவே நின்றதை வெலிகா பார்த்திருக்கிறாள். எந்தப் பெட்டியில் மீட்டர் இருக்கிறது என்று தெரியாத புது ஆள் மாதிரி நின்றாராம். அப்புறம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பேச்சை வெலிகா ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள். வேலி அவ்வளவு பக்கம்.

"தபினா, எப்படியிருக்கா குழந்தை?"

"தூங்குது. என்ன வேணும் சொல்லு."

"ஒண்ணும் வேணாம். சும்மாதான். அந்த… மிளகாயைச் சுட்டதும் நீ என்னமோ பண்ணுவியே, அது என்னது?"



"எதுக்கு? கொப்பரை ஏத்தப் போறியா?"

மின்கோ துடுப்பைப் பற்றிச் சொன்னார். நூறாவது வருஷம், நடுக்கூடம், சூட்டுக்கோல் எல்லாம் சொன்னார்.

"யார் பேரு?"

"என் பேருதான். வேற யாரு பேரு?"

"அப்ப உனக்கு எதுக்கு நான்? படத்துல சொல்லியிருக்கியே. மூணு தண்ணி, சாறு, எல்லாம். அதுல இருக்கிறபடியே செய். நான் இங்க அதைத்தான் தினமும் போடுறேன், புள்ள நல்லாத் தூங்குது."

"விளையாடாத தபினா."

"நான் எங்க விளையாடுறேன்? மூணு மணிக்கு ஏப்ரன் கட்ட மறந்துராத."

இதற்குப் பிறகும் அவர் வெலிகாவைக் கேட்டிருக்கலாம். வேலியோரம் அவள் வாளியோடு நின்றுகொண்டுதான் இருந்தாள். எங்கள் தெருவில் பத்து வயதான எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டால் தெரியாது என்றாகிவிடும். தெரியாது என்றால் துடுப்பு போச்சு. சனிக்கிழமைக்குள் லுத்தெனித்சா செய்யக் கற்றுக்கொள்வது ஒரு கஷ்டம். தெரியாது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அதைவிடப் பெரிய கஷ்டம். மின்கோ சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அறுபது கிலோ மிளகாய் பறித்தார். பாதி காம்போடு, பாதி கிளையோடு வந்தது. தகரத் தகட்டை ஏற்றித் தீ மூட்டினார். நன்றாகவே சுட்டார் என்று சொல்ல வேண்டும். தெரு முழுக்க அந்த வாசனை வந்தபோது, ஒருவேளை இவருக்கு உண்மையிலேயே தெரியுமோ என்று எனக்குக்கூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மாட்டுத்தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, சுட்ட மிளகாய்களை அதில் கொட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு அலசிக்கொண்டிருந்தார். கரியும் தோலும் மிதந்தன. தண்ணீர் சிவந்தது. மிளகாய் வெளுத்தது.

வெலிகா வேலிமேல் முழங்கையை ஊன்றினாள்.

"என்ன மின்கோ, குளிப்பாட்டுறியா? சோப்பு வேணுமா?"

"முதல் தண்ணி இது. இன்னும் ரெண்டு இருக்கு."

"அந்தத் தண்ணியக் கீழ ஊத்தாத."

"ஏன்?"

"ருசி பூரா அதுலதான் போகுது. ஜாடியில அடைச்சு வெச்சுக்க."

மின்கோ இரண்டாம் தண்ணீருக்குக் குழாயைத் திறந்தார். வித்தகர்கள் வேலை நேரத்தில் பேச மாட்டார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாவற்றையும் அரைத்து, சொட்டவிடாமல், சுண்டவைக்காத தக்காளிச் சாற்றோடு சேர்த்துக் கொப்பரையில் ஊற்றினார். எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. கிண்ட ஆரம்பித்தார். அரைமணி கிண்டிப் பழகிய கை. பதினொன்றுக்கு வலது தோளைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு இடது. ஒரு மணிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் துடுப்பு எட்டவில்லை. இரண்டு மணிக்கு நாற்காலியைப் பிளந்து அடுப்பில் போட்டார். விறகு தீர்ந்துவிட்டிருந்தது. மூன்று மணிக்குப் பழக்க தோஷத்தில் உள்ளே போய் முகம் மழித்து, ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். ஏப்ரன் இஸ்திரி போடாதது.

நான்கு மணிக்கு ரொட்டி வந்தது. நாற்பது பேர் இருப்போம். எல்க்கா துடுப்பைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்து வைத்திருந்தாள். லால்யோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொப்பரைப் பக்கத்தில் போய் நின்றான். மூன்று வருஷமாக ரகசியத்துக்குக் காத்திருப்பவன்.

மின்கோ அடியை ஒரு இழுப்பு இழுத்தார். துடுப்பு போனது. அது போன சுவடே தெரியாமல் சாறு பின்னாலேயே வந்து மூடிக்கொண்டது. குளத்தில் படகு விட்ட மாதிரி.

"அண்ணே, பாதை எங்கண்ணே?" என்றான் லால்யோ.

"வரும்டா. அவசரப்பட்டா வராது."

"எனக்கும் அன்னிக்கு இப்படித்தாண்ணே இருந்துச்சு. அச்சு அசல் இதே மாதிரி."

"உன்னது வேற, இது வேற."

"அண்ணே, எனக்கு ராத்திரி வரைக்கும் வரவேயில்ல."

"போய் ஒரு கிளாஸ் ஊத்திக் குடிடா! எல்லாரும் குடிங்க!"

குடித்தோம். பிளம் சாராயம் அந்த வீட்டில் நன்றாக இருக்கும். அதையும் தபினாதான் காய்ச்சுவாள். ஐந்து மணி ஆயிற்று. ரொட்டி காய ஆரம்பித்தது. இரண்டு பேர் வெறும் ரொட்டியைத் தின்றே முடித்துவிட்டார்கள். கொப்பரை ஓரத்தில் மின்கோவின் ஏப்ரன் சிவப்புப் புள்ளி புள்ளியாக ஆகியிருந்தது. அவர் கண் மட்டும் அடிக்கடி எல்க்காவின் துணிச் சுற்றுக்குப் போய்ப் போய் வந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில், "உப்பு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி வீட்டுக்குள் போனார்.

உள்ளே வெலிகா இருந்தாள், தட்டு தேடிக்கொண்டு. அலமாரியின் மேல்தட்டுக்கு மின்கோ எம்பியதையும், ரவைப் பொட்டலத்தை எடுத்து ஏப்ரனுக்குள் செருகியதையும், திரும்பியபோது தன்னைப் பார்த்து அப்படியே நின்றதையும் அவள் பிற்பாடு பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"உப்பா மின்கோ?" என்றாளாம்.

"வெலிகா…"

"நான் ஒண்ணும் பாக்கல. தட்டு தேடுறேன்."

"வெலிகா, வெளிய சொல்லிராத."

"மழை தூறுற மாதிரி மெதுவாத் தூவு. மொத்தமாக் கொட்டினா கட்டி தட்டும்."

அதாவது, கடைசியில் அவர் கேட்காமலேயே ஒரு பெண் அவருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தாள். அதையும் அவர் கேட்கவில்லை. கொப்பரையின் பக்கம் முதுகைக் காட்டி எல்லாரும் பேசிக்கொண்டிருந்த ஒரு நொடியில் மொத்தப் பொட்டலத்தையும் கவிழ்த்தார். கிலோப் பொட்டலம்.

ஐந்து நிமிஷத்தில் துடுப்பு கனத்தது. பத்து நிமிஷத்தில் துடுப்பைப் பிடிக்காமலேயே அது நின்றது. சிவப்பு மறைந்து ஒரு ரோஸ் நிறம் வந்தது, கல்யாணக் கேக் மாதிரி. மின்கோ இரண்டு கையாலும் அடியை இழுத்தார். செம்பு பளிச்சென்று தெரிந்தது.

"விழுந்துருச்சு பாதை!"

குரல் உடைந்து வந்தது. கண்ணில் தண்ணீர். புகையாகவும் இருக்கலாம்.

விழுந்தது பாதையா, பள்ளமா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ரொட்டியில் வைத்தோம்; தடவ வரவில்லை, வெட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. வாயில் போட்டோம். லுத்தெனித்சாவை யாரும் மென்றதில்லை. அன்று நாற்பது பேரும் மென்றோம். முற்றத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. ருசி என்று ஒன்று இருந்திருக்குமானால் அது நாற்காலியின் புகை வாசனைதான். லால்யோ தன் பங்கில் கிடைத்த ஒரு வெள்ளைக் கட்டியை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். அப்புறம் மின்கோவைப் பார்த்தான். மூன்று வருஷத்து மர்மம் அவன் முகத்தைவிட்டு இறங்கிப் போவதை நான் பார்த்தேன்.

"அப்ப ரகசியமே கிடையாதா?" என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வெலிகாவின் போன் அடித்தது. ஸ்பெயினிலிருந்து, வீடியோ அழைப்பு.

"பாதை விழுந்துச்சா?" என்றது தபினாவின் முகம்.

வெலிகா போனைக் கொப்பரைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். தபினா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏன் ரோஸா இருக்கு?"

மின்கோ துடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மின்கோ. மேல்தட்டுல இருந்த ரவை இருக்கா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் இல்லை, ஆனால் இரண்டாவது நான்தான். அப்புறம் முற்றமே சிரித்தது. "பசை காய்ச்சுறான் பசை!" என்று படத்தில் வரும் குரலிலேயே யாரோ கத்தினார்கள். மின்கோ ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, வரவில்லை.

"நான் போறேன் எல்க்கா. துடுப்பைக் கீழ்த்தெருவுக்கே குடுத்துரு" என்றார். அன்று முழுக்க அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மையான பேச்சு.

எல்க்கா துணிச் சுற்றைப் பிரிக்காமல் நெளிந்தாள்.

"எப்படிண்ணே குடுக்கிறது? பேரு புதன்கிழமையே பொறிச்சாச்சே."

பிரித்துக் காட்டினாள். ஒரு முழத்துக்குக் கொட்டை எழுத்தில், கரி வாசனை போகாமல், அவருடைய முழுப்பெயர், அப்பா பெயரோடு. கீழே 'லுத்தெனித்சா வித்தகர்'. நல்ல வால்நட் மரம். இழைத்து எடுத்தாலும் போகாது, அவ்வளவு ஆழம். கமிட்டி கூடிப் பேசியது. வேறு துடுப்புக்கு மரம் இல்லை, விழாவுக்கு நாள் இல்லை. கொடுத்தார்கள். கைதட்டினோம். இவ்வளவு காலம் தட்டியதைவிட அன்று பலமாகவே தட்டினோம். துடுப்பு இப்போதும் வாசகசாலை நடுக்கூடத்தில் தொங்குகிறது. புத்தகம் மாற்ற வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போகிறார்கள். மின்கோ இப்போதெல்லாம் வாசகசாலைப் பக்கம் வருவதில்லை.

தபினா நவம்பரில் திரும்பினாள். நிலவறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். பழைய ஜாடி பதினாலும் காலி. அலமாரித் தட்டு நிறைய, வரிசையாக, ரோஸ் நிறத்தில் ஐம்பத்திரண்டு ஜாடி. ரவை உப்பியதில் வழக்கத்தைவிடப் பதினொன்று அதிகம். ஒன்றைத் திறந்து ஸ்பூனைச் செருகினாள். அது நின்றது. மூடிவிட்டு மேலே வந்தாள். திட்டவில்லை. அன்று மாலை வெலிகா தன் வீட்டு லுத்தெனித்சாவில் ஆறு ஜாடி கொண்டுவந்து, "இது உனக்கு மட்டும்" என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தாள். மிளகாய் தபினாவின் தோட்டத்தில் மிஞ்சியதுதான்.

அவர்கள் வீட்டில் சாப்பாட்டுச் சாமானைத் தூக்கி எறியும் பழக்கம் இல்லை. மறுநாள் காலையில் மேஜையில் இரண்டு ஜாடி இருந்தது. தபினாவின் பக்கம் சிவப்பு. மின்கோவின் பக்கம் ரோஸ்.

"எனக்கும் அதுல கொஞ்சம்…" என்று மின்கோ சிவப்பு ஜாடியைப் பார்த்தார்.

"வித்தகர் கைப்பக்குவம் இருக்கும்போது எதுக்கு வெலிகா கைப்பக்குவம்?" என்றாள் தபினா. ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று. டிசம்பரில் அவர் கத்தியால் வெட்டித் தின்றார். பனி கொட்டிய ஜனவரியில் எண்ணெயில் வறுத்துப் பார்த்தார். அது கொஞ்சம் பரவாயில்லை என்று கேள்வி. பிப்ரவரியில் லால்யோவுக்கு ஒரு ஜாடியைத் தள்ளிவிடப் பார்த்தார். லால்யோ வாசலிலேயே நிறுத்தி, "வேணாம்ணே, உங்க ரகசியம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

மார்ச்சில் தபினா ஜன்னல் ஓரத்தில் தட்டுகளை வைத்து மண் நிரப்பினாள். விதைத்தாளை விரித்து, ஒரு குழிக்கு இரண்டு விதை என்று போட ஆரம்பித்தாள். மின்கோ மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவள் கையைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். நான் அன்று கொத்தமல்லி விதை கேட்டுப் போயிருந்தேன், அதனால் இது என் காதால் கேட்டது.

"தபினா."

"ம்."

"அந்தத் துணிப்பை… எவ்வளவு நேரம் தொங்கணும்?"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அவள் வேலையைப் பற்றி அவர் அவளிடம் நேரில் நின்று கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தபினாவின் விரல் ஒரு விநாடி நின்றது. அப்புறம் அடுத்த குழிக்கு விதை போட்டாள்.

"கீழ இன்னும் எத்தனை ஜாடி இருக்கு?"

"எட்டு."

"முதல்ல அதை முடி. அப்புறம் சொல்றேன்."

மின்கோ மேஜைக்குத் திரும்பிப் போய் ஜாடியைத் திறந்தார்.